உண்ணி கடித்த மகள் குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா?

கேள்வி: டாக்டரம்மா, மகளின் பிரசவத்துக்காகக் கனெக்டிகட் வந்திருக்கிறேன். பேத்திக்கு ஏழு வாரம். போன வாரம் மகளின் முழங்காலுக்குப் பின்புறம் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக ஒரு வட்டம். அரிப்பும் இல்லை, வலியும் இல்லை. கூடவே காய்ச்சல், கழுத்து வலி. உண்ணி கடித்து வருகிற லைம் நோய் என்று சொல்லி, அமாக்சிசிலின் மாத்திரை 14 நாளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். பால் கொடுக்கலாம் என்றுதான் சொன்னார்கள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. உடம்பில் இருக்கிற கிருமி பாலில் வராதா? தாய்ப்பாலில் அதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று மருமகனும் எங்கோ படித்தாராம். இரண்டு நாளாகப் புட்டிப் பால்தான். மகளுக்கு மார்பு கல்லாகக் கனத்து அழுகிறாள். நான் செய்தது சரியா?
- பெயர் வேண்டாம், கனெக்டிகட்.

பதில்: அம்மா, இதழ் அச்சாகும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை இது. அதனால் உங்களுக்கு அன்றே எழுதிவிட்டேன். மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கேயும் தருகிறேன். பேத்தியைத் தாயிடம் கொடுங்கள். அடுத்த வேளைப் பாலே தாய்ப்பாலாக இருக்கட்டும்.

நீங்கள் பாசத்தால்தான் செய்தீர்கள். ஆனாலும் கேட்டதற்கு உள்ளதைச் சொல்ல வேண்டும்: நிறுத்தியிருக்கத் தேவையில்லை.

நீங்கள் இருக்கிற மாநிலத்தில்தான் லைம் என்ற ஊர் இருக்கிறது. 1975 வாக்கில் அங்கே பல குழந்தைகளுக்கு மூட்டு வீங்கியது. இது தற்செயல் இல்லை என்று மருத்துவத் துறையை விடாமல் கேட்டவர் பாலி முர்ரே என்ற ஒரு தாய். அப்புறம் 1981-ல் வில்லி பர்க்டார்ஃபர் என்ற ஆராய்ச்சியாளர் உண்ணியின் குடலில் அந்தத் திருகு வடிவக் கிருமியைக் கண்டார். நோய்க்கு அந்த ஊரின் பெயர், கிருமிக்கு அவர் பெயர். அன்றிலிருந்து எத்தனையோ தாய்மார்களுக்கு இது வந்திருக்கிறது. தாய்ப்பால் வழியாக ஒரு குழந்தைக்கு வந்ததாக இதுவரை பதிவு இல்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்வதும் இதுதான்.

மருமகன் படித்ததும் பொய் இல்லை. 1995-ல் ஓர் ஆய்வில், நோய் வந்த தாயின் பாலில் கிருமியின் மரபணுத் துணுக்கு தெரிந்தது. துணுக்கு தெரிவது வேறு, உயிருள்ள கிருமி பாலோடு போய்க் குழந்தைக்கு நோய் தருவது வேறு. இரண்டாவது நடந்ததாக யாரும் காட்டவில்லை.

மாத்திரையைப் பற்றியும் பயம் வேண்டாம். அமாக்சிசிலினைக் கைக்குழந்தைகளுக்கே நாங்கள் நேரடியாகக் கொடுக்கிறோம். பாலில் போவது அதில் மிகச் சொற்பம். குழந்தைக்கு மலம் கொஞ்சம் இளகலாம், வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் வரலாம். வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்; பாலை நிறுத்தக் காரணம் இல்லை.

சிலருக்கு இதே நோய்க்கு டாக்சிசைக்ளின் தருவார்கள். குழந்தையின் பல் கறுத்துவிடும் என்று பழைய பயம் ஒன்று உண்டு. மூன்று வாரத்துக்குள் முடிகிற மருந்துக்கு அந்தப் பயம் வேண்டியதில்லை, பால் கொடுக்கலாம். ஆனால் நம் வீடுகளில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுப் பால், கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் ஒரே கையோடு கொடுத்துவிடுவோம். இவை டாக்சிசைக்ளினை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். இரண்டு மூன்று மணி நேரம் தள்ளிக் கொடுக்க வேண்டும். அமாக்சிசிலினுக்கு இந்தத் தொல்லை இல்லை, உங்கள் பத்தியச் சமையல் தாராளமாக நடக்கட்டும்.

நான் இதில் இவ்வளவு அழுத்தமாகப் பேசக் காரணம் இருக்கிறது. பயிற்சி மருத்துவராக இருந்தபோது, காய்ச்சலுக்கு மாத்திரை சாப்பிட்ட ஒரு தாயிடம் "மருந்து முடியும்வரை பால் கொடுக்காதே" என்று சொன்னேன். யாரிடமும் கேட்கவில்லை, புத்தகத்தையும் பார்க்கவில்லை. பத்து நாளில் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. டப்பாப் பாலைத் தண்ணீர் கூட்டிக் கலந்து கொடுத்திருக்கிறார்கள். பிள்ளை வயிற்றுப்போக்கோடு திரும்பி வந்தது. பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்தத் தாய் என்னைப் பார்த்த பார்வை இன்னும் போகவில்லை.

சரி, இப்போது மகளின் மார்பு. பால் கட்டியிருக்கும்போது காம்பைச் சுற்றி இறுகி இருப்பதால் குழந்தையால் கவ்வ முடியாது. முதலில் கையால் கொஞ்சம் பீய்ச்சி அந்த இடத்தை இளக்கிவிட்டுக் குழந்தையைப் போடுங்கள். குடித்து முடித்ததும் ஈரத்துணியைக் குளிர்ச்சியாக வைக்கலாம். அழுத்தித் தேய்க்க வேண்டாம். ஓரிடம் மட்டும் சிவந்து, சூடாகி, குளிர் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பீய்ச்சிய பாலைக் கொட்டாதீர்கள், அதுவும் குழந்தைக்குத்தான். புட்டிக்குப் பழகிய குழந்தை முதலில் முரண்டு பிடிக்கும். ஏழு வாரக் குழந்தை திரும்பி வந்துவிடும்.

வட்டம் மறைந்துவிட்டதே என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்தவிடாதீர்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, படபடப்பும் மயக்கமும் வந்தாலோ, மூட்டு வீங்கினாலோ உடனே போக வேண்டும்.

இன்னொன்று. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்வது ஸ்க்ரப் டைஃபஸ். அதைப் பரப்பும் பூச்சியும் வேறு, கிருமியும் வேறு. ஊரில் கேட்ட கதைகளை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

குழந்தைக்கு இந்த நோய் வருமென்றால் வழி ஒன்றுதான்: உண்ணி அதையே கடிப்பது. மே முதல் ஜூலை வரை திரிகிற இளம் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். புல்வெளிக்குப் போய் வந்தால் குழந்தையின் காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், அக்குளில், தொடை இடுக்கில் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெயோ மண்ணெண்ணெயோ தீக்குச்சியோ வேண்டாம். கிருமி உடம்பில் இறங்கப் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பதால், அன்றன்றைக்குப் பார்த்து எடுத்துவிட்டால் பயம் மிகவும் குறைவு. சாயங்காலம் நீங்கள் நடந்துவிட்டு வந்ததும் உங்கள் கணுக்காலையும் புடவைக் கரையையும் பாருங்கள்.

இரண்டு நாள் கழித்து ஒரு வரி எழுதுங்கள், மகளுக்குப் பால் இறங்கியதா என்று.