102 என்ற எண் எந்தப் படைக்கு உரியது?

கேள்வி: இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வசிக்கிறேன். நிலத்துக்காரரிடம் அனுமதி பெற்று, உழுது போட்டிருந்த வயலில் மெட்டல் டிடெக்டரோடு தேடியபோது இரண்டு பொத்தான்கள் கிடைத்தன. ஒன்று சாம்பல் நிறத்தில் தட்டையாக, 102 என்ற எண்ணோடு இருக்கிறது. மற்றது பித்தளை, சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் தாங்கிய அரச முத்திரை அதில் உள்ளது. 102ஆவது ரெஜிமென்ட் என்பது ‘ராயல் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ்’ என்று படித்தேன். நம் சென்னையோடு தொடர்புள்ள பொருள்தானா இது? புளி போட்டுத் துலக்கலாமா?

பதில்: முதலில் புளியைத் தள்ளி வையுங்கள். குத்துவிளக்குக்கு நல்லது, இதற்கு ஆகாது. புளிப்பு பட்டால், மண்ணுக்குள் தப்பிப் பிழைத்த மேற்பரப்பும் அதன் எழுத்துகளும் பொன்முலாம் ஏதும் மிஞ்சியிருந்தால் அதுவும் சேர்ந்தே கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரும் மென்மையான தூரிகையும் போதும்.

சென்னைத் தொடர்பைப் பொறுத்தவரை உங்களை ஏமாற்றத்தான் வேண்டியிருக்கிறது. பிரிட்டிஷ் காலாட்படையினரின் பொத்தான்களில் ரெஜிமென்ட் எண்ணைப் பொறிக்கும் வழக்கம் 1767 முதல் வந்தது. சாதாரண சிப்பாய்க்கு அது பியூட்டர் எனப்படும் வெள்ளீயக் கலவையில் வார்க்கப்பட்டது, அதிகாரிக்கோ வெள்ளியிலோ பொன்முலாமிலோ இருந்தது. சிப்பாய்களுக்குப் பித்தளைப் பொத்தான் வந்தது 1855இல்தான். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஐரோப்பியப் படை அரசுப் படையில் சேர்க்கப்பட்டு 102 என்ற எண்ணைப் பெற்றது 1862இல். ஆகவே உங்கள் பொத்தான் மெய்யாகவே பியூட்டராக இருந்தால், சென்னைப் படைக்கு அந்த எண் கிடைப்பதற்கு முன்பே அது தைக்கப்பட்டும் தொலைந்தும் போயிருக்க வேண்டும். விளிம்பில் தேய்ந்த இடத்தை உருப்பெருக்கியால் பாருங்கள்: பச்சைக் களிம்பு தெரிந்தால் உள்ளே செம்புக் கலவை இருக்கிறது, அப்போது கணக்கு மாறும், ஈயம் போன்ற மங்கிய சாம்பல் நிறம் மட்டுமே தெரிந்தால் பியூட்டர்தான்.

பியூட்டர் எனில் யாருடையது? ஒரே எண் பல முறை கைமாறியிருப்பதுதான் இந்தத் துறையின் பெரிய பொறி. 1780களிலும் 1790களிலும் 102 என்ற எண்ணைச் சில ஆண்டுகள் மட்டும் சுமந்து மறைந்த ரெஜிமென்ட்டுகள் உண்டு. ஆனால் அதிகம் பேசப்படுவது நியூ சவுத் வேல்ஸ் கோர் என்ற, ஆஸ்திரேலியாவில் இருந்த பிரிட்டிஷ் படை. 1808இல் சிட்னியில் ஆளுநர் வில்லியம் பிளையையே கைது செய்த அந்தப் படை, பின்னர் 102 என எண்ணிடப்பட்டு 1810இல் இங்கிலாந்து திரும்பியது; 1816இல் 100 என்று எண் மாறி, 1818இல் கலைக்கப்பட்டது. சென்னைக்குப் பதிலாகச் சிட்னி கிடைப்பதும் சிறிய பரிசல்ல என்பது என் எண்ணம்.

அதே சமயம், அந்த வயலில் அப்படை முகாமிட்டிருந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கம்பளிக் கந்தல்களை எருவாக நிலத்தில் இடுவது கென்ட் ஹாப் (பீருக்குக் கசப்புச் சுவை தரும் கொடி) தோட்டங்களில் பழைய வழக்கம். கந்தலாகிப்போன சீருடைகளோடு பொத்தான்களும் அப்படியே மண்ணுக்குள் போயிருக்கின்றன.

இரண்டாவது எளிது. 1871இல் சிப்பாய்களுக்கு ரெஜிமென்ட் எண்ணை நீக்கி அரச முத்திரையுள்ள பொதுப் பொத்தான் கொடுத்தார்கள், உங்களுடையது அதுவாகலாம். இதில் முன்பக்கத்தைவிடப் பின்பக்கமே அதிகம் பேசும். செய்தவரின் பெயரோடு ‘லிமிடெட்’ என்ற சொல்லும் இருந்தால் அது 1855க்கு முந்தியதாக இருக்க முடியாது. முத்திரை மேலுள்ள மகுடத்தின் வளைவுகள் நடுவில் தாழாமல் உருண்டு எழுந்தால் 1901க்கும் 1952க்கும் இடைப்பட்ட மன்னர்கள் காலம் என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

இப்படிப்பட்ட தனிப் பொத்தான் இங்கிலாந்துச் சட்டப்படி ‘புதையல்’ ஆகாது, நிலத்துக்காரருக்கே உரியது. யாருக்கு என்ன பங்கு என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்து, உங்கள் வட்டாரத்தின் கண்டெடுப்புப் பதிவு அலுவலரிடம் ஒரு முறை காட்டுவது நல்லது.

கேள்வி: நெப்போலியன் வீரர்களின் வெள்ளீயப் பொத்தான்கள் ரஷ்யக் குளிரில் பொடியானதால்தான் அவர்கள் தோற்றார்கள் என்கிறார்களே?

பதில்: தூய வெள்ளீயம் சுமார் 13 டிகிரிக்குக் கீழே சாம்பல் பொடியாக மாறக்கூடும் என்பது உண்மை. ஆனால் அது மெதுவாக நடப்பது. பிற உலோகம் சிறிது கலந்திருந்தாலே தடைபடும். 2001இல் லித்துவேனியாவின் வில்னியஸ் நகரில் 1812ஆம் ஆண்டுப் படையினரின் பெரும் புதைகுழி தோண்டப்பட்டபோது, அவர்கள் எந்தெந்த ரெஜிமென்ட்டுகளைச் சேர்ந்தவர்கள் என்று அறிய உதவியவையே எண் பொறித்த பொத்தான்கள்தான்.