ஒரே அறை, ஒரே பட்டியல் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணை,

இதுவரை உங்களுக்கு எழுதியதில்லை, வாசித்துவிட்டுப் போகிறவன்தான். ஊர் யாழ்ப்பாணம், இப்போது கொழும்பில் வைத்திய நிபுணர். வெளியிடுவதானால் பெயரைத் தவிர்த்துவிடுங்கள்.

கம்பஸ் காலத்தில் வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸ் அறையில் நானும் இன்னொருவனும் நான்கு வருடத்துக்கு மேல் இருந்தோம். மன்னார்ப் பெடியன். அவன் கோட்டாவில் வந்தவன், நான் மெரிட்டில் வந்தவன். ஆனால் அதெல்லாம் எங்களுக்குள் ஒருநாளும் பேச்சாக இருந்ததில்லை. முதல் வருடம் அவனுக்கு அனட்டமி ஏறவே இல்லை, இங்கிலிஷும் கஷ்டம். இரவிரவாக இருத்திவைத்துக் குப்பி எடுத்தது (தனியாகப் பாடம் சொல்லிக் கொடுத்தது) நான். யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி பூட்டிக் கிடந்ததால் என்னால் ஊருக்குப் போக முடியாது. அவன் வீட்டிலிருந்து வரும் கருவாட்டுப் பார்சலில் பாதி எனக்குத்தான். 2007 யூனில் லொட்ஜ்களில் இருந்த தமிழ் ஆட்களைப் பொலிஸ் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியபோது இரண்டு பேரும் அறையைப் பூட்டிக்கொண்டு ஒரு றாத்தல் பாணும் சம்பலுமாக இருந்தோம். அவனுடைய அப்பா மோசம்போனபோது மதவாச்சியில் இறங்கி, சோதனை வரிசையில் நின்று, அவனோடு செத்தவீட்டுக்குப் போன ஒரே பட்ச்காரன் நான்.

மூன்றாம் வருடம் எனக்கு நித்திரை இல்லாமல் போனது. மனநல வைத்தியரிடம் காட்டிச் சில மாதம் மாத்திரை எடுத்தேன். கூட்டிக்கொண்டு போனது அவன். வீட்டுக்குக்கூடத் தெரியாது.

பைனலில் அவன் எனக்கு முன்னால் வந்தான். நான் இன்டேர்ன் போக நினைத்த ஆஸ்பத்திரியை அவன் எடுத்தான். பிறகு இருவரும் ஒரே துறை. போன் எடுப்பது குறைந்து, நின்றும் போனது. சில வருடத்துக்கு முன் என்மேல் ஒரு பெட்டிசம், அதாவது முறைப்பாட்டுக் கடிதம், போனது. கடமை நேரத்தில் சனல் (தனியார் ஆஸ்பத்திரியில் காசுக்கு நோயாளி) பார்க்கிறேனாம். விசாரித்து, ஒன்றுமில்லை என்று முடித்துவிட்டார்கள். ஆனால் அதில் ‘மனநோய்க்கு மருந்து எடுத்தவர்’ என்று ஒரு வரி இருந்தது. அது உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும்.

இன்று அவன் செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் ஆறரைக்கு, நான் சனல் பார்க்கும் அதே இடத்தில் இருக்கிறான். நம்பர் முப்பதைத் தாண்டும். லிஃப்டில் கண்டால் இருவரும் போனைப் பார்ப்போம். அவனுடைய மகளும் என் மகனும் ஒரே புலமைப்பரிசில் வகுப்புக்குப் போகிறார்கள், அங்கேயும் தப்ப முடியாது. போன மாதிரிப் பரீட்சையில் மகனுக்கு 171, அவளுக்கு 168.

மார்ச்சில் பட்ச் கெட்-டுகெதர். இரண்டு கேள்வி. அந்த நட்பு முழுக்க நடிப்புத்தானா? நான் போகவா, விடவா?

ச.

*

அன்புள்ள ச.,

பெட்டிசத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்கள் கோபம் முழுவதும் அதில் போய்த்தான் குந்தியிருக்கிறது. அந்த ஒரு வரி அவருடைய வாயிலிருந்து கிளம்பியிருக்கலாம். அதனால் பெட்டிசம் அவருடைய கையால் எழுதப்பட்டது என்று ஆகிவிடாது. கல்யாணமான புதிதில் மனைவியிடம், “பாவம், என்ர ரூம்மேட் ஒரு காலம் நித்திரையில்லாமல் சரியாக் கஷ்டப்பட்டவன்” என்று இரக்கத்தோடு சொல்லியிருக்கலாம். வெள்ளவத்தையில் ஒரு பிளட்ஸில் சொன்னது பம்பலப்பிட்டிக் கோயிலில் பூசை முடியமுன் போய்ச் சேர்ந்துவிடும், அதிலும் டொக்டர்மாரின் வீட்டுக் கதை என்றால் இன்னும் வேகம். நீங்களும் கிளினிக்கில் பெயர் கொடுத்துத்தானே உட்கார்ந்திருப்பீர்கள், துண்டைக் காட்டித்தானே பாமசியில் மாத்திரை வாங்கியிருப்பீர்கள்? ‘ஒரே ஒருவனுக்குத்தான்’ என்பது உங்கள் நம்பிக்கை. அவரை நிரபராதி என்று நான் சொல்ல வரவில்லை. அவர்தான் எழுதினார் என்று வைத்துக்கொண்டு இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறீர்களே, ஒருமுறையாவது கேட்டிருக்கலாமே என்கிறேன். (நித்திரைக்கு மாத்திரை எடுத்தது ஒரு குறையே இல்லை என்பதை ஒரு வைத்தியருக்கு நான் சொல்ல வேண்டியிருப்பது வேடிக்கைதான்.)

இனி உங்கள் கடிதம். அவரை எனக்கு அறிமுகப்படுத்தும்போது நீங்கள் முதலில் சொன்னது ஊர், அடுத்தது கோட்டா. அதற்கடுத்த வசனத்தில், அது பேச்சாகவே இருந்ததில்லை என்கிறீர்கள். பேச்சாக இருந்திராது என்பதை நம்புகிறேன். பேசித் தீர்த்திருந்தால் இத்தனை வருடம் கழித்து அது இரண்டாவது வசனத்தில் வந்து நிற்காது.

மற்ற வாசகர்களுக்காக ஒரு விளக்கம். இலங்கையில் கலைப்பீடம் தவிர்ந்த பெரும்பாலான பீடங்களுக்கு 40 வீதம் பேர் நாடளாவிய திறமை வரிசையிலும், 55 வீதம் பேர் மாவட்ட ஒதுக்கீட்டிலும், 5 வீதம் பேர் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஒதுக்கீட்டிலும் எடுக்கப்படுகிறார்கள். மன்னார் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. யுத்த காலத்தில் அங்கே எத்தனை பாடசாலையில் பௌதிகவியலுக்கு ஒழுங்கான ஆசிரியர் இருந்தார் என்று யாரும் கேட்பதில்லை. கம்பஸுக்குள் வந்த பிறகு ‘கோட்டா’ என்பது நெற்றியில் ஒட்டிய துண்டு மாதிரி ஐந்து வருடமும் கூடவே வரும். யாழ்ப்பாணத்துக்காரர் நாங்கள் அதை வாசிப்பதில் கெட்டிக்காரர். எங்களையே பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலில் வெட்டினார்கள் என்று எழுபதுகளிலிருந்து அழுதுகொண்டிருப்பவர்களும் நாங்கள்தான். அது வேறு கதை.

நீங்கள் குப்பி எடுத்தது உண்மை. எனக்கு அந்த அறையைக் கற்பனை செய்வது கஷ்டமில்லை. ஒரு மேசை, அதனால் ஒருவர் கதிரையில், மற்றவர் கட்டிலில். கடல் உப்பில் கறள் பிடித்த ஃபேன். கரையோரக் கோச்சி போகும்போது அரை நிமிடம் பாடம் நிற்கும். கதிரையில் இருக்கிறவர் படத்தைக் கீறிக் கீறிச் சொல்லுவார், கட்டிலில் இருக்கிறவர் தலையாட்டுவார். குப்பி எடுக்கிறவனுக்கு அதில் ஒரு சுகம் இருக்கிறது. நல்ல சுகம்தான், அதை நான் கொச்சைப்படுத்தவில்லை. ஆனால் கதிரை யாருடையது, கட்டில் யாருடையது என்பது அந்தச் சுகத்துக்குள் தீர்மானமாகிவிடுகிறது. உங்கள் நட்பு அந்த இரண்டு இருக்கையை வைத்துக் கட்டியது.

பைனலில் அவர் எழும்பி வந்து கதிரையில் இருந்துவிட்டார். நடந்தது அவ்வளவுதான். அவர் உங்கள் நோட்ஸைத் திருடவில்லை, பேப்பரை மறைக்கவில்லை. அப்படி ஏதும் இருந்தால் இந்தக் கடிதத்தில் கட்டாயம் வந்திருக்கும். ‘நான் போக நினைத்த ஆஸ்பத்திரியை அவன் எடுத்தான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நாட்டின் மருத்துவ பீடங்களில் வெளியேறுகிறவர்களை ஒரே மெரிட் வரிசையில் நிறுத்தி, முன்னால் நிற்பவர் முதலில் தெரிவு செய்ய விடுகிறார்கள். உங்களுக்கு முன்னால் அந்த வரிசையில் நின்றவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர்மேலும் உங்களுக்குக் கோபமில்லை. கட்டிலில் இருந்து தலையாட்டினவன் எடுத்ததுதான் பொறுக்கவில்லை.

அவருடைய பக்கத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். அனட்டமி ஏறாமல் விழித்த முதல் வருடத்தை முழுசாகப் பார்த்த ஆள் நீங்கள். இங்கிலிஷ் பிழைகளைத் திருத்தியவர் நீங்கள். அப்பாவின் செத்தவீட்டில் அவர் அழுததைக் கண்டவர் நீங்கள். இன்று முப்பது நோயாளி காத்திருக்க, நேர்ஸ் கதவைத் திறந்துவிட, டொக்டராக நடந்து வருகிறவருக்கு லிஃப்டுக்குள் உங்களைக் காணும்போது அந்த மன்னார்ப் பெடியனும் கூடவே நிற்பான். உங்களுக்கும் அப்படித்தான், அவரைக் கண்டால் மூன்றாம் வருடத்து இரவுகள். இரண்டு பேரும் மற்றவருடைய மோசமான வருடத்தைக் கையில் வைத்திருக்கிறீர்கள். வெறும் போட்டியாளர்கள் என்றால் இந்த வயதில் ஒரு ஹலோவோடு போய்விடும்.

இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. பாரதத்தில் துரோணரும் துருபதனும் ஒரே ஆசிரமத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். ஒருவர் பிராமணப் பெடியன், மற்றவர் பாஞ்சால நாட்டு இளவரசன். நான் ராசாவானால் என் செல்வமெல்லாம் உனக்கும் சேர்த்துத்தான் என்று துருபதன் சொல்லுகிறான். அந்த வயதில் எல்லோரும் சொல்லுவதுதான். பிறகு துரோணருக்கு வறுமை. மகன் அசுவத்தாமன் பால் கேட்டு அழ, மற்றப் பிள்ளைகள் மாவைக் கரைத்துக் கொடுத்துப் பால் என்று ஏமாற்றுகிறார்கள். அவன் குடித்துவிட்டுச் சந்தோஷத்தில் ஆடுகிறான். அதைப் பார்க்க முடியாமல்தான் துரோணர் சிநேகிதனிடம் போகிறார். துருபதன் சிம்மாசனத்தில் இருந்துகொண்டு, சமமானவர்களுக்குள்தான் நட்பு, அரசனுக்கும் ஏழைக்கும் என்ன நட்பு என்று கேட்டு அனுப்பிவிடுகிறான்.

துரோணர் என்ன செய்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். பாண்டவரையும் கௌரவரையும் படிப்பித்தார், தட்சணையாகத் துருபதனைக் கட்டி இழுத்துவரச் சொன்னார், அர்ச்சுனன் இழுத்து வந்தான். பலர் மறந்துவிடுவது அதற்குப் பிறகு நடந்தது. துரோணர் அவனைக் கொல்லவில்லை. கங்கைக்கு வடக்கே பாதி நாட்டைத் தான் எடுத்து, தெற்கே பாதியை அவனுக்கே கொடுத்து, இப்போது நாம் இருவரும் சமம், பழையபடி சிநேகிதராக இருப்போம் என்கிறார். மனதாரத்தான் சொல்லுகிறார் என்று நினைக்கிறேன். வென்ற பிறகும் அந்த மனுசனுக்கு வேண்டியிருந்தது துருபதனின் வாயால் ‘நீ என் சிநேகிதன்’ என்ற ஒரு சொல்லு. துருபதன் ஓம் என்றுவிட்டுப் போய், துரோணரைக் கொல்ல ஒரு பிள்ளை வேண்டுமென்று வேள்வி செய்கிறான். திருஷ்டத்யும்னன் பிறக்கிறான். அவனுக்கு வில்வித்தை சொல்லிக் கொடுத்தது யார்? துரோணரேதான்! தன்னைக் கொல்லப் பிறந்தவன் என்று தெரிந்தும் சொல்லிக் கொடுத்தார். பதினைந்தாம் நாள் யுத்தத்தில் துரோணர் துருபதனைக் கொன்றார், அன்றே திருஷ்டத்யும்னன் துரோணரின் தலையை வெட்டினான். சில நாளில் அசுவத்தாமன், அந்த மாவுத் தண்ணீர் குடித்த பிள்ளை, இரவோடிரவாகப் பாசறைக்குள் புகுந்து திருஷ்டத்யும்னனைக் கொன்றான்.

இரண்டு பெடியன்கள் ஒரே இடத்தில் தங்கிப் படித்ததில் தொடங்கியது, அவர்களின் பிள்ளைகளில் போய் முடிகிறது. கதையை இவ்வளவு நீட்டிச் சொன்னதற்குக் காரணம், உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரி. மகனுக்கு 171, அவளுக்கு 168.

மகனின் மார்க்ஸ் உங்களுக்குத் தெரிந்திருப்பது சரி. அந்தப் பிள்ளையின் மார்க்ஸ் எப்படித் தெரிந்தது? வகுப்பு முடிந்து வரும்போது வானுக்குள் வைத்து நீங்கள் கேட்டிருப்பீர்கள், அல்லது வீட்டில் கேட்டிருப்பார்கள், அல்லது, இதுதான் எனக்குப் பயம், நீங்கள் கேட்காமலே மகன் சொல்லியிருப்பான். அப்பாவுக்கு எந்த நம்பர் வேண்டும் என்று பிள்ளைகளுக்கு நல்லாகத் தெரியும். இருநூறு மார்க்ஸுக்கு ஒரு பரீட்சை, பத்து வயதுப் பிள்ளைக்கு, அதுவே போதிய கொடுமை. வெட்டுப்புள்ளி என்று ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டினால் சரி, தாண்டாவிட்டாலும் உலகம் முடியாது. உங்கள் மகனுக்கு மட்டும் இரண்டு வெட்டுப்புள்ளி. ஒன்று திணைக்களம் போடுவது, மற்றது அந்தப் பெண்பிள்ளை எடுப்பது. அவளுக்கும் வீட்டில் ‘171 எடுத்தது யார்?’ என்ற விசாரணை நடந்திருக்கும்.

நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு வருகிறேன். நடிப்பில்லை. நடிக்கிறவன் கருவாட்டில் பாதி தரமாட்டான். மனநல கிளினிக் வாசலில், அந்தக் காலத்தில், பெயர் கூப்பிடும்வரை கூட இருந்திருக்கவும் மாட்டான். நீங்களும் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு மதவாச்சியில் நின்றது நடிப்பில்லை. ஆனால் மற்றது, அந்தப் போட்டி, அப்போதே அதே அறையில் இருந்தது. பரீட்சைக்கு முதல் கிழமை “நான் ஒண்டும் பாக்கேல்லை மச்சான்” என்று ஒருவர் சொல்லுவதும், மற்றவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, இவர் லைட்டை எப்போது அணைப்பார் என்று பார்த்துக் கிடப்பதும் இரண்டு மாணவர் தங்கிய எந்த அனெக்ஸிலும் நடந்ததுதான். மெரிட் லிஸ்ட் வந்த அன்று அது புதிதாக வந்து புகவில்லை.

கெட்-டுகெதருக்குப் போங்கள். போகாவிட்டால் ‘அவன் வாறதாலதான் இவன் வரேல்லை’ என்று பட்ச் முழுக்கக் கதைக்கும், அதுவும் அவருக்குப் போய்ச் சேரும். போய், பெட்டிசத்தைக் கேட்பதென்றால் நேரே கேளுங்கள். சாப்பாடு பரிமாறமுன், கையில் கிளாஸ் ஏறமுன், மனைவிமார் பக்கத்தில் இல்லாத இடத்தில். “அந்த வரி உன்னட்ட இருந்து வந்ததா?” என்று மட்டும் கேளுங்கள். ‘நீ எழுதினியா’ என்று கேட்டால் இல்லை என்றுதான் யாரும் சொல்லுவார்கள். வரி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் யோசிக்க வேண்டிவரும். அவர் பொய் சொன்னால் உங்களுக்குத் தெரியும். நான்கு வருடம் ஒரே அறையில் இருந்திருக்கிறீர்கள்.

பைனலில் முன்னால் வந்ததற்கு அவருக்கு நீங்கள் ஒருமுறையாவது வாழ்த்துச் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. சொல்லாவிட்டால் அதையும் அங்கே சொல்லிவிடலாம், பிந்தினாலும் பரவாயில்லை.

பிள்ளைகளின் வகுப்பைப் பற்றி அங்கே யாராவது கதை எடுத்தால் எழும்பிப் போய் ஒரு பிளேன்ரீ ஊற்றிக்கொள்ளுங்கள். வருகிற மாதிரிப் பரீட்சை முடிந்து மகன் வானில் ஏறினால், என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள்.

அன்புடன்,
அண்ணை