கேள்வி-பதில்: உப்புத் தண்ணீருக்கு எந்த மெஷின் வாங்குவது?

கேள்வி: புறநகரில் புதிதாகக் கட்டிய குடியிருப்புக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. குழாயெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. சோப்பு நுரைக்க மாட்டேன் என்கிறது. போன வாரம் வாட்டர் பியூரிஃபையர் விற்க ஒருவர் வந்தார். எங்கள் தண்ணீரில் கம்பிகள் உள்ள ஒரு கருவியை வைத்து மின்சாரம் கொடுத்தார். ஒரே நிமிடத்தில் பழுப்பாகித் திப்பி திப்பியாக மிதந்தது. அவர் கொண்டுவந்த தண்ணீர் மட்டும் தெளிவாகவே இருந்தது. இதையா இத்தனை நாள் குடித்தோம் என்று வயிற்றைக் கலக்குகிறது. உடனே வாங்கிவிடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். டம்ளரில் மிதந்தது உங்கள் தண்ணீரில் இருந்த அழுக்கே இல்லை. அந்தக் கருவியில் இரும்புக் கம்பிகள் இருக்கும். தண்ணீரில் கரைந்த உப்புகள் இருந்தால் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாக வெளியே வரும். நீங்கள் பார்த்தது அந்தத் துருவைத்தான். அவர் கொண்டுவந்தது ஆர்.ஓ. தண்ணீராக, அதாவது மெல்லிய சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரித்தெடுத்த தண்ணீராக இருக்கும். அதில் உப்பு மிகக் குறைவு, அதனால் மின்சாரம் பாயவில்லை, கம்பியும் கரையவில்லை. மறுபடி வந்தால் அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டுக் கருவியை வைக்கச் சொல்லுங்கள். அதுவும் கலங்கிப் போகும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இப்படிப் பயம் காட்டிப் பொருள் விற்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

அதற்காக உங்களுக்குப் பிரச்சினையே இல்லை என்று சொல்லவில்லை. வெள்ளைப் படிவுக்கும் நுரைக்காத சோப்புக்கும் காரணம் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும். நாம் எல்லாவற்றையும் 'உப்புத் தண்ணீர்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. நாக்கில் கரிக்கிற உப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடு. கால்சியமும் மெக்னீசியமும் தரும் கடினத்தன்மை வேறு. வாயில் கரிக்கவே கரிக்காத தண்ணீர்கூடக் கடினமாக இருக்கும். சுண்ணாம்பாக (கால்சியம் கார்பனேட்) கணக்கிட்டு லிட்டருக்கு 60 மில்லிகிராம் வரை மென்நீர், 120-க்கு மேல் கடினநீர், 180-ஐத் தாண்டினால் மிகக் கடினநீர் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வகைப்பாடு.

உங்கள் தண்ணீர் இதில் எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். சொட்டுச் சொட்டாக மருந்து விட்டுப் பார்க்கும் ஹார்ட்னெஸ் கிட் கிடைக்கிறது. சிவந்த தண்ணீர் நீலமாக மாறும்வரை எத்தனை சொட்டு விட்டீர்கள் என்று எண்ணினால் அளவு தெரிந்துவிடும். அந்த எண் கையில் இல்லாமல் எந்த மெஷினுக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டில் டிடிஎஸ் மீட்டர் (கரைந்திருக்கும் மொத்த உப்பைக் காட்டும் கருவி) வைத்திருக்கிறார்கள். எங்கள் தண்ணீருக்கு 650 காட்டியது. அதுதான் கடினத்தன்மையா?

பதில்: இல்லை. மீட்டர் பார்ப்பது தண்ணீரில் எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்பதை மட்டுமே. அதிலிருந்து எல்லா உப்புகளையும் சேர்த்து ஒரு மதிப்பீடு சொல்கிறது. அந்த 650-இல் கால்சியம் எவ்வளவு, சோடியம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னர் மெஷினைப் போட்ட பிறகும் எண் அநேகமாக அப்படியேதான் இருக்கும். மெஷின் வேலை செய்யவில்லை என்று சண்டைக்குப் போய்விடாதீர்கள். கிருமியையும் அது காட்டாது. கழிவுநீர் லேசாகக் கலந்த தண்ணீருக்குக்கூட நல்ல எண் காட்டக்கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: குடியிருப்பு முழுவதற்கும் பொது சாஃப்ட்னர் போடலாம் என்கிறது சங்கம். சிலர் வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. போதும் என்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. குளியல், துணி, ஹீட்டர், குழாய் ஆகியவற்றுக்கு சாஃப்ட்னர். குடிக்கும் தண்ணீரில் உப்பு அளவுக்கு மீறி இருந்தால்தான் ஆர்.ஓ. கிருமிதான் கவலை என்றால் புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் யு.வி. போதும், ஆனால் தண்ணீர் கலங்கலாக இருக்கக் கூடாது. குளோரின் வாடைக்குக் கார்பன் ஃபில்டர். ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தர இரண்டு, மூன்று லிட்டரைக் கழிவாக வெளியே விடுவது சாதாரணம். தேவையில்லாத வீட்டில் அதை மாட்டுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. குழாயில் மாட்டும் காந்தக் கருவிகளையும் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டில் பலன் தரும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை.

சாஃப்ட்னருக்குள் ரெசின் எனப்படும் பிளாஸ்டிக் போன்ற சிறு மணிகள் இருக்கும். அவை கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். ஒரு வீடு நாளுக்கு 500 லிட்டர் செலவழிக்கிறது, கடினத்தன்மை 300 என்று வையுங்கள். நாளுக்கு 150 கிராம் சுண்ணாம்பு! ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் என்றால் எட்டு நாளைக்கு ஒருமுறை உப்புக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும். விற்பவரிடம் இந்தக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். 'உங்கள் வீட்டுக்கு இது சரியாக இருக்கும்' என்ற பேச்சு போதாது.

சங்கம் தீர்மானம் போடும் முன் மூன்று விஷயம். ஒன்று, கழுவிய உப்புநீர் எங்கே போகும்? தோட்டத்து மண்ணில் விட்டால் செடி கருகும். இரண்டு, தண்ணீரைப் பிடித்துவைத்தால் சிறிது நேரத்தில் மஞ்சளாகிறதா? அப்படியானால் இரும்பு இருக்கிறது. அதற்கு முதலில் தனி ஃபில்டர் போடாவிட்டால் ரெசின் கெட்டுவிடும். மூன்று, 300 கடினத்தன்மையை முழுதாக நீக்கினால் லிட்டருக்கு 138 மில்லிகிராம் சோடியம் சேரும். உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் எச்சரித்தவர்கள் இருக்கும் குடியிருப்பில் சமையலறைக் குழாய்க்கு சாஃப்ட்னருக்கு முன்பிருந்தே தனி லைன் இழுங்கள். பைப் வேலை முடிந்தபிறகு அதைச் செய்வது பெரிய தலைவலி.

லேப் சோதனைக்கு இரண்டு இடத்தில் தண்ணீர் பிடியுங்கள்: தொட்டிக்கு வந்து விழும் குழாயில் ஒன்று, சமையலறையில் ஒன்று. முதலாவது நன்றாக இருந்து இரண்டாவதில் கிருமி இருந்தால் மெஷின் வேண்டாம், தொட்டியையும் குழாயையும் கழுவிக் கிருமி நீக்க ஏற்பாடு செய்யுங்கள். கிருமிச் சோதனைக்கு லேப் தரும் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும்.

கேள்வி: கடினநீர் குடித்தால் சிறுநீரகக் கல் வருமாமே?

பதில்: அப்படி நிரூபிக்கப்படவில்லை. கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் விதிக்கவில்லை. ஏற்கெனவே கல் இருப்பவர்கள் மருத்துவரைக் கேளுங்கள், மெஷின் விற்பவரை அல்ல.

கேள்வி: சாஃப்ட்னர் வரும்வரை ஹீட்டரை எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: சூட்டைக் குறைத்து வையுங்கள். தண்ணீர் சூடாகச் சூடாகத்தான் சுண்ணாம்பு பிரிந்து படியும். 60 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். என் வீட்டு ஹீட்டரை மூன்று வருடம் திறக்காமலே விட்டிருந்தேன். மெக்கானிக் எலிமென்ட்டை உருவியபோது கம்பியே தெரியவில்லை, சுற்றிலும் விரல் தடிமனுக்கு வெள்ளை ஓடு. ஸ்க்ரூடிரைவரால் தட்டத் தட்டச் சில்லு சில்லாகப் பெயர்ந்து தரையெல்லாம் கொட்டியது. உள்ளே எலிமென்ட் வெடித்துப் போயிருந்தது. வருடத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஷவர் தலையைக் கழற்றி இரவு முழுக்க வினிகரில் ஊறவிட்டால் துளைகள் திறந்துகொள்ளும். வினிகரோடு பிளீச்சிங் பவுடரை மட்டும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.