அல்பெரோபெல்லோ ஊர் வீடுகளில் கற்களுக்கிடையே சாந்து ஏன் இல்லை?

தென் இத்தாலியின் புல்யா பகுதியில் உள்ள சிற்றூர் அல்பெரோபெல்லோ. அங்குள்ள கூம்புக் கூரை வீட்டுக்கு 'துருல்லோ' என்று பெயர். சுண்ணாம்புக் கற்களைச் சாந்தின்றி அடுக்கியே கட்டுவார்கள்.

காரணம் வரி. அன்று இப்பகுதியை ஆண்ட நேப்பிள்ஸ் அரசில் புதிய ஊர் எழுப்ப மன்னரின் அனுமதி வேண்டியிருந்தது, வரியும் கட்ட வேண்டியிருந்தது. அதைத் தவிர்க்க, கொன்வெர்சானோ பிரபுக்கள் தம் குடியானவர்களைச் சாந்தில்லாமல் கட்டவைத்தார்கள். அதிகாரிகள் வந்தால் கூரையைச் சரித்து, அங்கே ஊரே இல்லை என்று காட்டிவிடலாம். குடியானவனின் தலைக்கு மேலிருந்த கூரை பிரபுவின் கணக்குக்காக எந்நேரமும் இடியலாம் என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. 1797இல் மன்னர் நான்காம் பெர்டினாண்ட் இந்த ஊரைப் பிரபுக்களின் பிடியிலிருந்து விடுவித்தார். அதே ஆண்டில் சாந்து வைத்துக் கட்டிய 'காசா தமோரே' என்ற வீடு இன்றும் நிற்கிறது.

வறட்டியை வட்டமாக அடுக்கி மேலே போகப்போகக் குறுக்குவதுபோலத்தான் கூரையும்: ஒவ்வொரு கல்வட்டமும் கீழ்வட்டத்தைவிடச் சற்று உள்ளே நீளும், உச்சியில் ஒரு கல் மூடும். தடித்த சுவர் கோடையிலும் குளிர்ச்சி தரும்.

ஊரின் மோந்தி பகுதிச் சரிவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துருல்லோக்கள் உண்டு. ஊரின் வேறொரு பகுதியில் இருக்கும், இரண்டு தளம் கொண்ட 'துருல்லோ சொவ்ரானோ'வைத் தவறவிடாதீர்கள்.

வரி ஏய்ப்புக்காகவே இந்தக் கட்டுமுறை பிறந்தது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது வரலாற்றுக்கு முற்பட்ட காலத்திலிருந்தே வழங்கிவரும் முறை; பிரபுக்கள் அதை வரியைத் தவிர்க்கப் பயன்படுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்.