மகாகனி மேஜையும் கொழுந்துத் தராசும்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரியில் இருக்கிறேன். கோவையில் மாதம் ஒருமுறை தமிழில் ஸ்டாண்ட்-அப் செய்கிறேன். பிரிட்டனின் மார்க் தாமஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து அவருடைய பழைய நிகழ்ச்சிகளைத் தேடிப் பார்த்தேன். நல்ல நகைச்சுவைக் கலைஞர், போகப்போகப் போராட்டக்காரராகிவிட்டார். இது இழப்புதானே? நான் அரசியல் பேசினால் மேடை கிடைக்குமா? நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கான இ-பாஸ் பற்றிய என் வீடியோவை இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள தம்பி,

மேடை கிடைக்குமா என்று என்னிடம் கேட்காதீர்கள், என்னையே யாரும் கூப்பிடுவதில்லை. இழப்பா என்பதும் வீண் கேள்வி. 1996-ல் சானல் 4 டிவியில் தாமஸின் நிகழ்ச்சி ஆரம்பித்தபோதே இரண்டும் ஒரே ஆள்தான்.

அவர் எப்படி வேலை செய்தார் என்று பார்த்தீர்களா? பிரிட்டனில் வாரிசு வரிக்கு ஒரு சலுகை உண்டு. பரம்பரையாக வந்த கலைப்பொருளைப் பொதுமக்கள் பார்க்க அனுமதித்தால் அதற்கு வரி கட்ட வேண்டாம். சர்ச்சிலின் பேரன், அப்போது எம்.பி.யாக இருந்த நிக்கோலஸ் சோம்ஸ், ஒரு மூன்றடுக்கு மகாகனி மேஜைக்கு இந்தச் சலுகை வாங்கியிருந்தார். தாமஸ் அவரைத் திட்டவில்லை. சலுகை பெற்ற பொருள்களின் பட்டியலைப் படித்தார். "மேஜையைப் பார்க்க எப்போது வரலாம்?" என்று கேட்டார், மற்றவர்களையும் கேட்கச் சொன்னார். அவ்வளவுதான் ஜோக். 1998-ல் அந்தச் சலுகையின் விதிகளை இறுக்கினார்கள்.

குன்னூர்ப் பக்கம் நான் வளர்ந்த தேயிலை எஸ்டேட்டில் ஒருவர் இருந்தார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை மாதிரியே மூக்கை உறிஞ்சி, "கூடைக்கு ரெண்டு, ஈரத்துக்கு ரெண்டு, எங்க வீட்டு நாய்க்கு ஒண்ணு" என்று கிலோவைக் கழிப்பார். இடுப்பில் படங்கு கட்டிய பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மிமிக்ரி என்று நினைத்திருந்தேன். ஒருநாள் துரை வந்து என்ன சத்தம் என்று கேட்டார். மனிதர் சட்டைப் பையிலிருந்து நாற்பது பக்க நோட்டை எடுத்தார். யார் எத்தனை கிலோ பறித்தது, செக்ரோலில், அதாவது எஸ்டேட்டின் சம்பளப் பதிவேட்டில், எத்தனை ஏறியது, எல்லாம் தேதியோடு. அதையும் அதே மூக்குக் குரலில் வாசித்தார். துரைக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஈரக்கழிவு அந்த வாரமே பாதியானது. நோட்டு இல்லாமல் நாயை மட்டும் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும்.

சரி, உங்கள் வீடியோ. குரல் நன்றாக இருக்கிறது, கண்டக்டர் வரும் இடம் அருமை. மற்றதெல்லாம் சோம்பேறித்தனம். டூரிஸ்ட் ஹார்ன் அடிக்கிறான், குப்பை போடுகிறான் என்று குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் நிற்கும் எந்த டிரைவரும் உங்களைவிட நன்றாகச் சொல்வார். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாளில் 6000, வார இறுதியில் 8000 சுற்றுலா வண்டிதான் என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. மே மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் எத்தனை ஏறின? ஐந்து நிமிடம் பேசிய உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தோன்றவும் இல்லை, அதுதான் எனக்குக் கோபம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த எண்ணிக்கையைக் கேட்டு கலெக்டர் அலுவலகத்துக்கு ஒரு மனு போடுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. பதிலை, அது எவ்வளவு மொட்டையாக இருந்தாலும், ஒரு எழுத்து மாற்றாமல் மேடையில் வாசியுங்கள். அப்புறம் அந்த வர்க்கி ஜோக்கை வெட்டிவிடுங்கள்.