லீஸ் கார் அடிபட்டுச் சரியாகிவிட்டது: விற்பதா, திருப்பிக் கொடுப்பதா?

கேள்வி: ஐயா, நாங்கள் நியூஜெர்சி எடிசனில் இருக்கிறோம். 3 வருட லீஸில், அதாவது மாத வாடகை ஒப்பந்தத்தில், எடுத்த காருக்கு இன்னும் இரண்டு மாதத்தில் தவணை முடிகிறது. போன வருடம் சிக்னலில் நின்றிருந்தபோது பின்னால் வந்த வண்டி இடித்துவிட்டது. தவறு அந்த ஓட்டுநர்மேல்தான் என்று அவருடைய இன்சூரன்ஸே ஒத்துக்கொண்டு, 6,400 டாலர் செலவில் பழுது பார்த்துக் கொடுத்தார்கள். இப்போது நன்றாக ஓடுகிறது. 36,000 மைல் அனுமதியில் 31,000தான் ஓடியிருக்கிறது. லீஸ் முடிவில் வாங்குவதென்றால் 18,900 டாலர், திருப்பிக் கொடுத்தால் 395 டாலர் கட்டணம் என்று பத்திரத்தில் இருக்கிறது. ஆன்லைனில் பழைய கார் வாங்குகிறவர்களிடம் கேட்டதற்கு, விபத்தைச் சொன்ன பிறகும் 19,700 தருகிறோம் என்கிறார்கள். வாங்கி விற்றால் 800 டாலர் லாபம்தானே என்கிறார் என் கணவர். எனக்கோ, திருப்பிக் கொடுத்தால் அடிபட்ட வண்டி என்று அபராதம் போடுவார்களோ என்று பயம். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, எடிசன்

பதில்: முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பயத்தினாலேயே தேவையில்லாமல் காரை வாங்கிவிட்டவர்கள் நிறையப் பேர், நானும் அதில் ஒருவன். வழக்கமான லீஸில், காரைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் சந்தை விலை என்ன என்பது உங்கள் கவலையே இல்லை. 18,900 என்பது நீங்கள் கையெழுத்துப் போட்ட அன்றே அவர்கள் எழுதிவைத்த மதிப்பு. விபத்தினால் கார் விலை குறைந்திருந்தால் அந்த இழப்பு காரின் சொந்தக்காரருக்கு, அதாவது லீஸ் கம்பெனிக்கு. அவர்கள் உங்களிடம் கேட்கக்கூடியது அதிகப்படியான தேய்மானத்துக்கும் சேதத்துக்கும் மட்டும்தான். அதற்கு வைக்கும் அளவுகோலும் நியாயமாக இருக்க வேண்டும் என்று 1976இல் வந்த நுகர்வோர் லீஸ் சட்டம் சொல்கிறது. ஒழுங்காகப் பழுது பார்த்த பம்பர் சேதம் ஆகாது. ஒட்டுப்போட்டது தெரிகிற மாதிரி இருந்தால், பெயிண்ட் நிறம் மாறியிருந்தால், சென்சார் வேலை செய்யாவிட்டால், அப்போதுதான் பில் வரும்.

சரி, உங்கள் கணவரின் கணக்குக்கு வருவோம். 800 டாலர் என்பது காகிதத்தில் இருக்கிற லாபம். நீங்கள் காரை உங்கள் பெயருக்கு வாங்கினால் நியூஜெர்சியில் 6.625 சதவீதம் விற்பனை வரி கட்ட வேண்டும், 18,900க்கு அது 1,252 டாலர். அதாவது 19,700க்கு விற்ற பிறகு கையைவிட்டு 452 டாலர் போகிறது. இதற்கு மேல் டைட்டில், அதாவது காரின் உரிமைப் பத்திரம், மாற்றும் கட்டணம், சில கம்பெனிகள் தனியாகப் போடுகிற வாங்கும் கட்டணம் எல்லாம் இருக்கிறது. பேசாமல் சாவியைக் கொடுத்தால் 395தான். அப்புறம் இன்னொன்று, டைட்டில் உங்கள் பெயரில் வந்து சேர வாரக்கணக்கில் ஆகலாம், ஆன்லைன் விலை அதுவரை காத்திருக்காது. பழைய கார் வாங்கி விற்கிற கார்மேக்ஸ் கம்பெனி தருகிற விலைகூட 7 நாளுக்குத்தான் செல்லும்.

ஆனால் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, நீங்கள் இருவரும் அதை யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். கார் உங்கள் பெயருக்கே வராமல், வாங்குகிற டீலர் நேராக லீஸ் கம்பெனிக்குப் பணத்தைக் கட்டிவிட்டு மீதியை உங்களிடம் கொடுப்பது. அப்படி நடந்தால் வாங்கும் வரி உங்கள் தலையில் விழாது, 395ம் பெரும்பாலும் மிச்சம், அந்த 800 உண்மையிலேயே உங்களுடையது. சிக்கல் என்னவென்றால், 2021 வாக்கில் பழைய கார் விலை தாறுமாறாக ஏறியபோது, லீஸ் கொடுக்கிற, கார் கம்பெனிகளின் சொந்த நிதிப் பிரிவுகள் பல, வெளி டீலருக்கு விற்பதை நிறுத்திவிட்டன. சில, வெளி டீலருக்கு மட்டும் விலையைக் கூட்டிச் சொல்கின்றன. அதனால் நாளைக்கே லீஸ் கம்பெனியைக் கூப்பிட்டு இரண்டே கேள்வி கேளுங்கள்: வெளி டீலர் லீஸ் பணத்தைக் கட்டி முடித்து இந்தக் காரை வாங்க அனுமதி உண்டா, அவருக்கும் 18,900தானா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். முடியாது என்றால் அதே பிராண்ட் டீலர்கள் இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள், அவர்களுக்குப் பெரும்பாலும் இந்தத் தடை கிடையாது. உங்களிடம் பயன்படுத்தாத 5,000 மைல் இருக்கிறது. திருப்பிக் கொடுத்தால் அதற்கு ஒரு காசு தர மாட்டார்கள், விற்றால் அது விலையில் சேரும்.

நீங்களே வைத்து ஓட்டப் போகிறீர்கள் என்றால் கணக்கு வேறு. அப்போது 19,700ஐப் பார்க்காதீர்கள், அது டீலர் உங்களிடம் வாங்குகிற விலை. இதே வருடம், இதே மைல், இதே மாதிரி விபத்துப் பதிவு உள்ள காரை டீலர் மற்றவர்களுக்கு என்ன விலைக்கு விற்கிறார் என்று பாருங்கள், வரியோடு சேர்த்து உங்களுக்கு ஆகிற செலவு அதைவிடத் தெளிவாகக் குறைவாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். அதற்கும் முன்னால், பழுது பார்த்த கடைக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். டிக்கியில் விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி டயர் வைக்கிற குழியில் தகடு சுருங்கியிருக்கிறதா, தண்ணீர் இறங்கிய தடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் இடிபட்ட காரில் உண்மை அங்கேதான் தெரியும். பக்கத்தில் வருகிற வண்டியைக் காட்டிக்கொடுக்கிற ரேடார் பல கார்களில் பின் பம்பரின் இரண்டு ஓரத்திலும் உள்ளே இருக்கிறது, பம்பரில் பட்டி பூசிக் கனமாகப் பெயிண்ட் அடித்திருந்தால் அது சரியாக வேலை செய்யாமல் போகலாம். பழுதுக்குப் பிறகு அதைச் சரிபார்த்த ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள்.

நான் வாங்கிய கதையைச் சொல்கிறேன். என் லீஸ் காரும் பின்னால் அடிபட்டதுதான், பழகிய வண்டி, குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த வண்டி என்று பத்திரத்தில் இருந்த விலையை அப்படியே கொடுத்து வாங்கிவிட்டேன். இரண்டு வருடம் கழித்து விற்கப் போனபோது வந்தவர்கள் எல்லாரும் முதலில் காரின் பழைய வரலாற்றைக் காட்டுகிற கார்ஃபேக்ஸ் அறிக்கையைத்தான் திறந்தார்கள். அதில் விபத்து என்ற ஒரு வரியைப் பார்த்ததும் விலையை இறக்கினார்கள். ஒரு மழைநாளில் டிக்கிக்குள் ஈரம் இருந்ததை ஒருவர் கண்டுபிடித்தார், எனக்கே அதுவரை தெரியாது. லீஸ் கம்பெனி சுமக்க வேண்டிய நஷ்டத்தை நானே கையெழுத்துப் போட்டு என் பெயருக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இடித்தவரின் இன்சூரன்ஸிடம் விலை குறைந்ததற்குத் தனியாக நஷ்டஈடு கேட்கலாமே என்று சிலர் சொல்வார்கள். கேட்க வழி உண்டு, ஆனால் விபத்து நடந்த அன்று சொந்தக்காரர் லீஸ் கம்பெனி என்பதால் அந்த உரிமை அவர்களுடையது. வாங்குவதாக முடிவு செய்தால், அந்த உரிமையை உங்களுக்கு எழுதித் தருவார்களா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.

என் முடிவு இதுதான். நேரடி விற்பனைக்கு அனுமதி இருந்தால் விற்றுவிடுங்கள், இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள். விற்பதற்காக வாங்கவே வாங்காதீர்கள். விபத்தை யாரிடமும் மறைக்கவும் வேண்டாம், பழுது பில், மாற்றிய பாகங்களின் பட்டியல், முன்னும் பின்னும் எடுத்த போட்டோ எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டுக் காரோடு வையுங்கள்.

கேள்வி: திருப்பிக் கொடுப்பதற்கு முன் கதவில் இருக்கிற சின்ன ஒடுக்கையும் தேய்ந்த டயரையும் நாமே சரிசெய்துவிடுவது நல்லதா?
– ஒரு வாசகர், டாலஸ்

பதில்: முதலில் லீஸ் கம்பெனியின் முன்சோதனைக்கு நேரம் வாங்குங்கள், பெரும்பாலும் இலவசம்தான். எதற்கு எவ்வளவு போடுவார்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும். கிரெடிட் கார்டு அகலத்துக்குள் அடங்குகிற ஒடுக்கைப் பல கம்பெனிகள் கண்டுகொள்வதில்லை, அதற்குச் செலவு செய்யாதீர்கள். டயர் அப்படியல்ல, பள்ளத்தின் ஆழம் ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே போயிருந்தால் பல கம்பெனிகள் பணம் கேட்கும், அவர்கள் போடுகிற விலையைவிட வெளியில் நீங்கள் மாற்றுவது மலிவு. ஆனால் ஒரிஜினல் டயரின் அதே அளவில், நான்கும் ஒரே ரகமாக இருக்கட்டும்.