பைக் இன்ஜினை வீட்டில் பிரித்தபோது பிஸ்டன் லேசாக அடிபட்டது. அதையே திரும்ப மாட்டலாமா?

குன்னூரில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். 100 சிசி பைக். பிளாக்கை (சிலிண்டரை) உருவும்போது பிஸ்டன் சாய்ந்து, பிளாக்கைப் பிடிக்கும் நீள போல்ட்டான ஸ்டட்டில் மோதி, ஸ்கர்ட்டின் (பிஸ்டனின் கீழ்ப்பகுதி) கீழ் ஓரத்தில் சின்ன வெட்டு. துடைத்துப் பார்த்தால் பக்கவாட்டில் பழைய கோடுகளும் தெரிகின்றன. நானாக இருந்தால் அந்த வெட்டுக்குப் பயப்படமாட்டேன். கோடுகளைத்தான் உட்கார்ந்து பார்ப்பேன்.

வெட்டைப் பொறுத்தவரை பள்ளம் கெடுதல் செய்யாது. பள்ளத்தின் விளிம்பில் பிதுங்கி நிற்கும் அலுமினியம்தான் போரை, அதாவது சிலிண்டரின் உள் துளையை, கீறும். விரல் நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள், எங்கே தட்டுகிறதோ அந்த மேடு மட்டும் போக வேண்டும். 800 நம்பர் வாட்டர் பேப்பரை எண்ணெயில் நனைத்து அந்த இடத்தில் மட்டும் லேசாகத் தேயுங்கள். ஸ்கர்ட் முழுவதையும் பளபளவென்று ஆக்கிவிடாதீர்கள், அதன் மேலுள்ள நுண்ணிய வரிகள்தான் எண்ணெயைப் பிடித்து வைக்கின்றன. பிறகு டீசலில் நன்றாகக் கழுவுங்கள்.

பிஸ்டனைச் சுற்றி ரிங் உட்காரும் பள்ளத்தின் விளிம்பில் அடி பட்டிருந்தாலோ, மயிரிழை விரிசல் தெரிந்தாலோ கதை வேறு. ரிங் தன் பள்ளத்தில் தடையில்லாமல் சுழல வேண்டும். ஓரிடத்தில் பிடித்தாலும் அந்த பிஸ்டன் வேண்டாம். தேய்த்துச் சரிசெய்கிறேன் என்று இறங்கவும் வேண்டாம்.

இப்போது கோடுகள். பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் 'பின்' நுழையும் ஓட்டைகளின் இருபுறமும், நாலு மூலையில் தேய்ந்தது போல இருக்கிறதா? குளிர்ந்த இன்ஜினை எடுத்தவுடன் முறுக்கினால் இப்படி ஆகும். அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். பிளாக் சூடாவதற்குள் பிஸ்டன் பருத்துவிடுகிறது. ஊட்டிக்கு அருகே தலைக்குந்தாவில் உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி காலைகளில், ஸ்டார்ட் ஆன அடுத்த நிமிடமே ஏற்றத்தில் இழுக்கும் வண்டிகளுக்கு இதுதான் நேர்கிறது. சோக்கை நெடுநேரம் இழுத்தே வைத்திருந்தால் பெட்ரோல் போர்ச் சுவரில் இருக்கும் எண்ணெயையும் கழுவிவிடும். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் தேய்மானம் என்றால் அதிகச் சூடு அல்லது எண்ணெய்க் குறைவு என்று சந்தேகப்படுங்கள். சுற்றிலும் மெல்லிய செங்குத்துக் கோடுகள் என்றால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போயிருக்கிறது. இந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் புது பிஸ்டன் போட்டாலும் அதற்கும் இதே கதிதான்.

போருக்குள் விரலை விட்டுத் தடவுங்கள். நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால் பிஸ்டனைப் பற்றி யோசித்துப் பயனில்லை, ரீபோர்தான், அதாவது போரைக் கடைந்து பெரிதாக்க வேண்டும். பிளாக்கைப் பையில் போட்டுக்கொண்டு மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ நல்ல லேத் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். 0.25 மி.மீ. பெரிதான ஓவர்சைஸ் பிஸ்டனை முதலில் வாங்கி அதையும் சேர்த்தே கொடுக்க வேண்டும், பிஸ்டனை அளந்துதான் போர் போடுவார்கள். கீறல் இல்லையென்றால் மேல் ரிங்கை மட்டும் போருக்குள் நேராக இறக்கி, அதன் இரு முனைகளுக்கு நடுவே உள்ள வாயிடைவெளியை, மெல்லிய தகடுகளால் அளக்கும் ஃபீலர் கேஜில் பாருங்கள். 50 மி.மீ. போருக்கு 0.5 மி.மீ.-ஐத் தாண்டினால் ரிங் செட்டை மாற்றிவிடுங்கள். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது கிராங்க் கேஸ் (இன்ஜினின் அடிப்பகுதி) வாயைத் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள், பிஸ்டன் பின் நழுவாமல் பிடிக்கும் கம்பி வளையமான லாக் உள்ளே விழுந்தால் இன்ஜினையே பிளக்க நேரும். பழைய லாக்கைத் திரும்பப் போடவே கூடாது. பிஸ்டன் தலையில் உள்ள 'இன்' குறி கார்புரேட்டர் பக்கம் இருக்கட்டும். ரிங் வாய்கள் ஒரே நேரில் வராமல் 120 டிகிரி தள்ளி நிற்கட்டும்.

முதல் 500 கி.மீ. வரை இருவராக ஏறி கோத்தகிரி ஏற்றத்தில் இழுக்க வைக்காதீர்கள். பிறகு எண்ணெயை வடித்து, கொஞ்சத்தை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். வெள்ளித்தூள் போல நிறைய மின்னினால் பிளாக்கை மறுபடி கழற்றியே ஆக வேண்டும்.